கண்ணாடியில் காய்ந்த கிணறு: மன்னார் வாகனங்களின் வெள்ளைப் பொட்டுகள்

கடந்த ஓகஸ்ட் மாதம் ஓர் இரவு, பதினொரு மணியிருக்கும். பேசாலையிலிருந்து மன்னார் வைத்தியசாலைக்குச் சின்ன மாமாவின் வானில் போய்க்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் பக்கத்து வீட்டு அக்கா, பிரசவ வலியில். அவவின் கையைப் பிடித்தபடி அவவின் அம்மா. நான் முன்னால், மாமாவுக்குப் பக்கத்தில்.

தோட்டவெளிப் பக்கம் போகும்போது எதிரே ஒரு மீன் லொறி வந்தது. அதன் வெளிச்சம் எங்கள் முன் கண்ணாடியில் பட்டதுதான் தாமதம், கண்ணாடி முழுக்க மாக்கரைத்து ஊற்றியதுபோல வெள்ளையாகிவிட்டது. வீதி இல்லை, ஓரம் இல்லை, ஒன்றுமில்லை. மாமா பிறேக்கை அமுக்கினார். லொறி கடந்து போனபின் பார்த்தால், எங்களுக்கு ஐந்தாறு அடி முன்னால் தார் வீதியில் ஒரு கழுதையும் அதன் குட்டியும் படுத்திருந்தன. பகல் வெயிலில் சூடேறிய தாரில் இரவில் படுப்பது மன்னார்க் கழுதைகளின் வழக்கம். எங்களைப் பார்த்துவிட்டும் அவை எழும்பவில்லை.

“கழுதையை நான் காணேல்லப் பிள்ளை. கண்ணாடியைத்தான் கண்டனான்” என்றார் மாமா. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு விடியற்காலையில் பெண் பிள்ளை பிறந்தது. நாங்கள் திரும்பி வந்து, வெயில் ஏறமுதல் வானை முற்றத்தில் நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தோம். மல்லி அளவிலிருந்து ஐந்து ரூபாய்க் குற்றி அளவு வரை நூற்றுக்கணக்கான வெள்ளை வட்டங்கள். வைப்பர் தேய்க்கும் இடத்தில் குறைவு. வைப்பர் எட்டாத மூலைகளிலும் பக்கக் கண்ணாடிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக. பகலில் இவ்வளவு நாளும் இது எங்கள் கண்ணில் படவேயில்லை. பகலில் எங்கள் பார்வை கண்ணாடியைத் தாண்டித் தூரத்தில் நிலைத்திருக்கும். இரவில் எதிர் வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு பொட்டும் அந்த ஒளியைச் சிதறடிக்கிறது. இருட்டுக்கு விரிந்திருக்கும் கண்மணிக்குள் அந்தச் சிதறல் முழுவதும் போகிறது. முன்னால் ஒரு வெள்ளைத் திரை விழுந்தமாதிரி இருக்கும்.

மாமாவுக்கு இது மற்றவர்களைவிட இரட்டிப்பு. 2009இல் அவருடைய வலது கண்ணில் செல் துண்டு பட்டது. பார்வை தப்பியது, ஆனால் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. தழும்புள்ள கண் தானே ஒளியைச் சிதறடிக்கும். அதற்கு மேல் பொட்டு விழுந்த கண்ணாடி. எங்கள் பக்கத்தில் இப்படிக் கண்ணோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் மாமா மட்டுமல்ல. அதனால்தான் இந்த வெள்ளைப் பொட்டு எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகும் என்று ஒரு மாதம் மினக்கெட்டுப் பார்த்தேன். காற்றாலை, இல்மனைட் அகழ்வு, மீனவர் பிரச்சினை என்று எழுதிக்கொண்டிருந்தவள் கண்ணாடி துடைப்பதைப் பற்றி எழுதுகிறாளே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

முதலில் செய்தது ஒரு சின்னப் பரிசோதனை. உடைந்த யன்னலின் கண்ணாடித் துண்டு ஒன்றை நன்றாகக் கழுவித் துடைத்து, முற்றத்தில் மேசைமேல் வைத்தேன். அதில் நான்கு துளிகள்: போத்தலில் எடுத்து வைத்திருந்த மழைத்தண்ணீர், குழாய்த் தண்ணீர், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர். மத்தியான வெயில். கொஞ்ச நேரத்தில் நான்கும் காய்ந்துவிட்டன.

மழைத்துளி இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் மெல்லிய ஒரு வளையத்தை விட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பால் வரைந்ததுபோல விளிம்பு தடித்த வெள்ளை வட்டம். கடல் தண்ணீர் கல்லுக் கல்லாகப் பளபளத்தது. பின்னேரம் காற்று ஈரமானபோது ஒரு வேடிக்கை நடந்தது: கடல் தண்ணீரின் உப்பு மட்டும் திரும்ப ஈரமாகிப் பிசுபிசுத்தது. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிணற்றுப் பொட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்து, இரண்டின்மேலும் மழைத்தண்ணீர் விட்டேன். கடலுப்பு கரைந்து ஓடியது. கிணற்றுப் பொட்டு அசையவில்லை. அதன்மேல் ஒரு துளி வினாகிரி விட்டேன். மிகச் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின. ஒரு நிமிடத்தில் வெள்ளை மறைந்துவிட்டது.

விஷயத்தில் பாதி இந்தக் கண்ணாடித் துண்டிலேயே இருக்கிறது.

மன்னாரின் கண்ணாடிகளில் இரண்டு விதமான வெள்ளை விழுகிறது. ஒன்று கடலிலிருந்து வருவது. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கும் சோளகக் காற்று அலையின் நுரையிலிருந்து சின்னத் துளிகளைப் பிய்த்துக்கொண்டு வந்து வீட்டுக் கூரையிலும் வண்டியிலும் தெளிக்கும். தீவின் தென்கரையில் 2020இல் முப்பது காற்றாலைகளை நட்டதும் இதே காற்றை நம்பித்தான். தள்ளாடிப் பக்கமிருந்து பாலத்தால் தீவுக்குள் வரும்போது இரண்டு பக்கமும் கடல். சோளக நாளில் ஒருமுறை போய்வந்தாலே கண்ணாடியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இந்த வெள்ளை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தண்ணீரில் போய்விடும்.

மற்றது நிலத்திலிருந்து வருவது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அங்கேயே முடிந்துவிடவில்லை. மேற்குக் கரையோரமாக மன்னார், புத்தளம் வரை இறங்கி வருகிறது. மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சிப்பியும் பவளமும் கல்லானது அது. தீவின் மணலுக்குள்ளும் சிப்பித்தூளும் முருகைக்கல்லும் நிறைய. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மிகமிக மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது, கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோலத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் வன்னீர், மென்னீர் என்று படித்தோமே, அந்த வன்னீர் இதுதான். தண்ணீர் ஆவியாகும்போது அமிலம் காற்றோடு போய்விடுகிறது. சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிறது. கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கும் வானின் கண்ணாடியில் பிடிக்கும் பொட்டும் ஒரே சாமான்.

குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம், சுண்ணாம்பாகக் கணக்கிட்டால் ஒரு லீற்றரில் 250 மில்லிகிராம் கடினத்தன்மை வரை அனுமதிக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் நல்ல தண்ணீரே கண்ணாடியில் காயவிட்டால் பொட்டு விடும். தீவில் மணலுக்குக் கீழே நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழையில்லாத ஆடி, ஆவணி மாதங்களில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அடியிலிருந்து உவர் ஏறும். ஆகவே எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஓகஸ்டில் விடும் பொட்டு சனவரியில் விடும் பொட்டைவிடத் தடிப்பாக இருப்பதில் அதிசயமில்லை.

பொட்டு ஏன் நடுவில் மெலிந்து விளிம்பில் தடிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. துளியின் விளிம்பு மெல்லியது, அங்கேதான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடும். ஓடும்போது கரைந்ததையும் மிதப்பதையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கும. மேசையில் சிந்திய கோப்பி காய்ந்து வளையமாக நிற்பதும் இதனால்தான். சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கி ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள்.

சரி, மாமாவின் வானுக்கு இவ்வளவு சுண்ணாம்பு எப்படி வந்தது? கிழமைக்கு ஒருமுறை கிணற்றடியில் கழுவுவார், உண்மை. ஆனால் முன் கண்ணாடியில் பக்கக் கண்ணாடியைவிட அதிகமாக இருந்ததுதான் எனக்குப் புரியவில்லை. பிறகு பொனற்றைத் திறந்து காட்டினார். கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் சின்னத் தாங்கி இருக்கிறதே, அதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி, நுரைக்கட்டும் என்று ஒரு கரண்டி சலவைத்தூளும் போட்டு வைத்திருந்தார். நல்லதென்று நினைத்துச் செய்த வேலை. வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஒவ்வொரு முறை பீச்சும்போதும் வைப்பர் துடைப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். சலவைத்தூளில் உள்ள சோடா, தண்ணீரின் சுண்ணாம்பை இன்னும் விரைவாகப் பொருக்காக்கும். தூசு போகவேண்டுமென்று நாளுக்கு நாலு தரம் பீச்சிப் பீச்சி மாமா தன் கண்ணாடிக்குத் தானே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்.

அகற்றும் வேலைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கைமருந்து இருக்கிறது. சிலது நல்லது, சிலது கண்ணாடியைத் தின்றுவிடும்.

கராஜில் வேலை செய்யும் ஒரு தம்பி, “பற்றரி அசிட்டில கொஞ்சம் எடுத்துத் தடவுங்கோ அக்கா, ஒரேயடியாப் போயிடும்” என்றான். செய்யாதீர்கள். கையையும் கண்ணையும் சுடும் என்பது ஒரு பக்கம். பற்றரியில் இருப்பது சல்பூரிக் அமிலம். அது சுண்ணாம்போடு சேர்ந்தால் ஜிப்சம் ஆகும். ஜிப்சம் தண்ணீரிலும் வினாகிரியிலும் இலேசில் கரையாது. போகவிருந்த பொட்டைப் போகாத பொட்டாக மாற்றிவிடும். மலசலகூடம் கழுவும் அசிட் வேறு. அது சுண்ணாம்பைக் கரைக்கும்தான். ஆனால் அதன் ஆவியே வைப்பர்க் கம்பியையும் கதவு விளிம்பையும் துருப்பிடிக்க வைக்கும், பெயின்றில் வடிந்தால் தழும்பு நிற்கும். சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளும் வேண்டாம்.

எங்களுக்குச் சரிவந்தது வெள்ளை வினாகிரி. காலை ஆறு மணிக்கு, பனை நிழலில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது தொடங்கினோம். முதல் வேலை தேய்ப்பதல்ல, ஊற்றுவது. மேலிருந்து கீழாகத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மணலையும் கடலுப்பையும் வடிய விட வேண்டும். இது மன்னாருக்கு மிக முக்கியம். எங்கள் கடற்கரை மணலில் குவாட்ஸ் மட்டுமல்ல, இல்மனைட்டும் கானெட்டும் இருக்கின்றன. ஆரும் இந்த மண்ணைத் தேடி வருவதே அதற்காகத்தானே. குவாட்ஸும் கானெட்டும் கண்ணாடியைவிடக் கடினமானவை. சுண்ணாம்புப் பொட்டு கண்ணாடியைவிட மென்மையானது. மணலோடு சேர்த்துத் துணியால் தேய்த்தால் பொட்டு போகுமோ இல்லையோ, கீறல் விழும். பொட்டைக் கரைக்கலாம், கீறலைக் கரைக்க முடியாது.

பிறகு பழைய பருத்தித் துணியை வினாகிரியில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டியதுபோல விரித்து விட்டோம். பத்து நிமிடம். காயத் தொடங்கினால் மேலே இன்னும் கொஞ்சம் வினாகிரி. பலபேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தெளித்தவுடன் துடைத்துவிட்டு “வினாகிரி சரிவராது” என்கிறார்கள். தடித்த பொருக்கைக் கரைக்க அமிலத்துக்கு நேரம் வேண்டும். துணியை எடுத்து மெதுவாகத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்பவும் அதையே செய்தோம். மூன்று முறை செய்தபின் முன் கண்ணாடியில் முக்கால்வாசி போய்விட்டது. கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பரிலும் பெயின்றிலும் வடிந்த வினாகிரியை உடனே நிறையத் தண்ணீரால் கழுவினோம்.

வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய். அதன் புளிப்பும் அமிலம்தான், அதே வேலையைச் செய்யும். சாற்றை வடித்துத் தும்பு இல்லாமல் எடுக்க வேண்டும். பின்னர் நன்றாகக் கழுவாவிட்டால் பிசுபிசுத்து மணலை ஒட்டவைக்கும். தேசிக்காய் விலையை நினைத்தால் வினாகிரிதான் இலாபம். யூரியூபில் சிலர் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து பொங்கவைத்துக் காட்டுகிறார்கள். பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் சோடா அமிலத்தின் வலுவை எடுத்துவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு கரைந்தபின் மிஞ்சும் மெல்லிய படலத்துக்குச் சோடாவை மட்டும் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து விரலால் தேய்க்கலாம். அது கண்ணாடியைக் கீறாது.

கடைசித் துடைப்புக்குப் பழைய பத்திரிகைத்தாள் நல்லது என்று மாமி சொன்னா. தேடிப் பார்த்தால் வீட்டில் இருந்த ஒரே பத்திரிகை என் முதல் கட்டுரை வந்த ஞாயிறு இதழ். பருத்தித் துணியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

முக்கால்வாசி போனது, கால்வாசி போகவில்லை. ஓட்டுநர் பக்கத்தின் மேல் மூலையில் பத்துப் பதினைந்து வட்டங்கள் எத்தனை முறை வினாகிரி போட்டும் நின்றன. நகத்தால் தடவினால் மேடாக ஒன்றும் தட்டுப்படவில்லை. அது இனிப் படிவு அல்ல, கண்ணாடியே தின்னப்பட்ட தழும்பு. கண்ணாடி நாங்கள் நினைப்பதுபோல எதற்கும் அசையாத பொருளல்ல. துளி ஒன்று நெடுநேரம் அதன்மேல் நின்றால் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் மெல்ல அந்தத் துளிக்குள் இறங்கும். துளி காரமாகும். காரம் ஏறினால் அது கண்ணாடியின் சிலிக்காவையே அரிக்கத் தொடங்கும். ஒரு நாளில் நடப்பதல்ல இது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்து நடப்பது.

மாமாவின் வானுக்கு அந்த மாதங்கள் எப்போது கிடைத்தன என்று எனக்குத் தெரியும். 2022இல் டீசல் இல்லாத காலம். வரிசையில் நாட்கணக்காகவும், பிறகு வீட்டு முற்றத்தில் கிழமைக்கணக்காகவும் அந்த வான் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்கு இறைக்கும் குழாயின் தெளிப்பு தினமும் அந்த மூலையில் படும். ஓடாத வண்டியின் கண்ணாடியை யார் துடைப்பது?

அரிக்கப்பட்ட இடத்தைச் சீரியம் ஒட்சைட் என்ற மெருகுத்தூளால் தேய்த்து மட்டப்படுத்தலாம். கண்ணாடி வேலை தெரிந்தவர்கள் செய்கிறார்கள். பக்கக் கண்ணாடிக்குப் பரவாயில்லை. முன் கண்ணாடியில் ஓர் இடத்தை மட்டும் ஆழமாகத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, அதனூடாகத் தெரியும் வீதி நெளியும். இரவில் அது பொட்டைவிட மோசம். ஓட்டுநரின் நேர்ப் பார்வைக்குள் வரும் இடமென்றால் கண்ணாடியை மாற்றுவதே சரி. சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் எங்கள் வீதிகளில் ஓடியதெல்லாம் பழைய வண்டிகள். மாமா ஒரு முன் கண்ணாடியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவருடைய மூலைத் தழும்புகள் நேர்ப் பார்வைக்கு மேலே இருப்பதால் அப்படியே விட்டிருக்கிறோம். கழுதை மேலேயிருந்து வராது என்று அவரே பகிடி விட்டார்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். முன் விளக்கின் மூடி மஞ்சளடித்து மங்கியிருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்ரிக் வெயிலில் பழுதானது. வினாகிரிக்கு அங்கே வேலையில்லை.

இனி வராமல் பார்ப்பதுதான் பெரிய விஷயம். உண்மையில் இதற்குக் காசு வேண்டியதில்லை. பொட்டு விழுவது தண்ணீர் படுவதால் அல்ல, பட்ட தண்ணீர் காய்வதால். கிணற்றுத் தண்ணீரால் கழுவினாலும் காய்வதற்குமுன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், கரைந்திருக்கும் சுண்ணாம்பும் துணியோடு போய்விடும். மத்தியானத்தில் கழுவாதீர்கள். காசு கொடுத்துக் கழுவுவித்தால், துடைக்காமல் வெயிலில் நிறுத்தவேண்டாம் என்று சொல்லி நில்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் கழுவிய வண்டிகளை வரிசையாக வெயிலில் காயவிடுகிறார்கள், வெயில் துடைக்கும் என்று. வெயில் துடைக்காது, சுடும். செங்கல் சுடுவதுபோலப் பொட்டைச் சுட்டுத் தரும்.

கடைசியாக ஊற்றும் தண்ணீர் மென்னீராக இருந்தால் இன்னும் நல்லது. முழு வண்டிக்கும் வேண்டாம், கண்ணாடிகளுக்கு மட்டும் ஒரு போத்தல் போதும். சுத்திகரித்த குடிநீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற ஊரில் அதை வானுக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைத்தண்ணீர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழை கூரைத் தூசைக் கழுவிப் போனபின் பிடித்து மூடி வைத்தால் பல மாதம் வரும். அதுவும் இல்லையென்றால் ஏசித் தண்ணீர். கடைகளின் பின்பக்கத்தில் குழாயால் சொட்டி வீணாகப் போகிறதே, அது காற்றிலிருந்த ஈராவி குளிர்ந்து வந்த தண்ணீர். அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை. குடிக்க உதவாது, கண்ணாடிக்கு நன்றாக உதவும். கண்ணாடிக்குப் பீச்சும் தாங்கியையும் இதனால்தான் நிரப்ப வேண்டும். சலவைத்தூள் வேண்டாம்.

மெழுகு, சிலிக்கோன் பூச்சு என்று கடைகளில் விற்கிறார்கள். பூசினால் தண்ணீர் பரவாமல் முத்துமுத்தாக உருளும். ஓடும் வண்டியில், மழையில், அது நல்லதுதான். ஆனால் நிறுத்திய வண்டியில் வன்னீர் பட்டால் அந்த முத்துக்களே காய்ந்து தடித்த பொட்டாகும். பூச்சு பொட்டைத் தடுக்காது, பின்னர் இலேசாகக் கழற்ற உதவும். பூச்சு வாங்கும் காசுக்கு ஒரு சோடி வைப்பர் றப்பர் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். பழைய றப்பருக்குள் மணல் புதைந்துவிட்டால் ஒவ்வொரு வீச்சும் ஒரு கீறல். சோளக மாதங்களில் காலையில் வண்டியை எடுக்கமுன் ஈரத்துணியால் றப்பரை ஒருதரம் வழித்துவிடுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள்.

இவ்வளவும் செய்துகொண்டிருந்தபோது மாமா ஒரு கதை சொன்னார். 2008இல் அடம்பன் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வெள்ளாங்குளம், கிளிநொச்சி என்று போய்க்கொண்டிருந்த காலம். அவர் அப்போது வேறொருவருடைய வானை ஓட்டினார். வெயிலில் கண்ணாடி மின்னினால் வானிலிருந்து தெரியும் என்று சேற்றைக் குழைத்துக் கண்ணாடி முழுக்கப் பூசுவார்களாம். பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. இரவில் விளக்குப் போடுவதில்லை. முன்னால் ஒருவர் வெள்ளைச் சேலைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவாராம். “அந்தக் காலத்தில கண்ணாடியில ஊத்தை இருந்தால்தான் உயிர். அதுதான் எனக்கு இந்தப் பொட்டெல்லாம் ஒரு குறையாத் தெரியேல்லப் போல” என்றார். சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து பக்கக் கண்ணாடிக்குப் போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

செப்ரெம்பரில் ஓர் இரவு திரும்பவும் அவரோடு மன்னாருக்குப் போனேன், இந்தமுறை பிள்ளைக்குக் காய்ச்சல். எதிரே லொறிகள் வந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது, ஆனால் லொறிக்குப் பின்னாலும் வீதி தெரிந்தது. எருக்கலம்பிட்டிச் சந்திக்கு வரமுதல் நாலு கழுதைகள் நடுவீதியில் நின்றன. மாமா தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி, அவை விலகும்வரை நின்றார்.

இப்போது அவருடைய வானின் பின்னால் எப்போதும் ஒரு ஐந்து லீற்றர்க் கான் கிடக்கிறது. மன்னார் நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்சுவரில் ஏசிக் குழாய்க்குக் கீழே அதை வைத்துவிட்டு, ஓட்டம் முடிந்து வரும்போது எடுத்துக்கொள்வார். கடைப் பொடியன் முதல்நாள், “என்னண்ணை, குடிக்கவோ?” என்று கேட்டானாம். போன கிழமை பார்த்தேன், அந்தச் சுவரோரம் இரண்டு கான்கள் இருந்தன. மற்றது ஓர் ஓட்டோக்காரருடையதாம்.